அடுப்புக்கு ஓர் இடம்



மும்பைத் தமிழர் வாழ்வில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று இந்தக் கூட்டத்தின் அமைப்பாளர்கள் எனக்குச் சுதந்திரம் கொடுத்தார்கள். கோயில், சபா, பள்ளி, சங்கம் ஆகியவற்றைப் பற்றி இந்த ஊரின் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. சின்னச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச ஆசைப்படுகிறேன் என்றேன். தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு என் நன்றி.

இந்தக் கடைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே சுவையைப் பற்றித்தான் பேசுகிறோம். கஃபே மெட்ராஸின் ரசவடை, ராம் ஆஷ்ரயாவின் அன்னாசி ஷீரா, கிருஷ்ணா போர்டிங்கின் இலைச் சாப்பாடு. எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் ஒரு கடை எண்பது ஆண்டு நிற்பதற்குச் சுவை மட்டும் போதாது. நன்றாகச் சமைத்த எத்தனையோ பேர் கடையை மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். நிலைத்தவர்களுக்கு அடுப்பு வைக்க ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. என் பேச்சு அந்த இடத்தைப் பற்றியது.

மாதுங்காவிலிருந்து தொடங்குகிறேன். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. நெரிசலான பழைய நகரத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளை மனையாகப் பிரித்து, அகலமான தெருவும் தோட்டமும் காற்றோட்டமான கட்டடமுமாக டிரஸ்ட் திட்டமிட்டது. அங்கே எழுந்த மாடிக் குடியிருப்புகளில் தென்னிந்தியர் வந்து குடியேறிய கதையை நிகில் ராவ் என்ற வரலாற்றாசிரியர் 2013இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ரயில்வேயிலும் கம்பெனி ஆபீஸ்களிலும் கணக்கெழுதவும் டைப் அடிக்கவும் சுருக்கெழுத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பள்ளிப்படிப்பு முடித்த பையன்கள் ரயில் ஏறினார்கள்.

வந்தவனுக்கு வேலை கிடைத்தது, படுக்க ஒரு மூலையும் கிடைத்தது. நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை. அந்த அறையில் சமைக்க முடியாது, சமைக்கத் தெரியவும் தெரியாது. அப்போதுதான் மாதுங்காவில் கடைகள் அடுத்தடுத்து முளைக்கின்றன. ரூயா கல்லூரிப் பக்கம் 1937இல் மணீஸ் லஞ்ச் ஹோம். 1939இல் ராம் ஆஷ்ரயா. 1940இல் கோபால் காமத் தொடங்கிய கஃபே மெட்ராஸ். 1942இல் ஏ. ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். உலகப் போர் நெருங்கிவந்து, வெடித்து, நடந்துகொண்டிருந்த காலம். கிருஷ்ணா போர்டிங் தொடங்கிய மறு ஆண்டே பம்பாயில் ரேஷன் வந்தது. அரிசியை நம்பிய ஒரு சமையல், அரிசி எளிதில் கிடைக்காத ஊரில் வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணம் தேவைதான். ஆபீஸ் முடிந்து வருகிற நூற்றுக்கணக்கான பிரம்மச்சாரிகளுக்கு அந்தக் கடைதான் சமையலறை, அதுவேதான் கூடமும். வேலை காலியிருக்கிற செய்தி அங்கே காதில் விழும். ஊருக்குப் போகிறவன் யாரென்று தெரியும், அவன் கையில் பணம் கொடுத்தனுப்பலாம். வரன் பேச்சுகூட அங்கே அடிபட்டிருக்கிறது.

இந்தக் கடைகளை நடத்தியவர்களில் தமிழர் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். காமத், நாயக், ஷெட்டி எல்லாரும் தென் கன்னடக் கரையிலிருந்து வந்தவர்கள். கொங்கணியும் துளுவும் பேசியவர்கள். சிறு வயதில் ஊரை விட்டு வந்து, பாத்திரம் கழுவி, மேசை துடைத்து, பரிமாறி, கல்லாவில் உட்கார்ந்து, பிறகு சொந்தக் கடை போட்டவர்கள் அவர்களில் பலர். அந்தப் பையன்களுக்காகவே பம்பாயில் கன்னட இரவுப் பள்ளிகள் நடந்தன. கடை மூடிய பிறகு குளித்துவிட்டுப் பாடம் படித்து, வக்கீலாகவும் வங்கி அதிகாரியாகவும் ஆனவர்கள் உண்டு. மும்பையில் தமிழன் தன்னுடையது என்று கொண்டாடும் இட்லியை அவன் தட்டில் வைத்தது பெரும்பாலும் ஒரு கன்னடக் கரைக்காரரின் கை. இந்த நன்றியை நாம் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். மாதுங்காவின் மெஸ்கள் எல்லோருக்கும் திறந்திருந்த வீடுகள் அல்ல. அவற்றில் சில ஒரு சாதிக்குள் ஒருவர் கையால் ஒருவர் சாப்பிடுவதற்காகவே தோன்றியவை. தமிழ்நாட்டிலும் அப்படித்தான் இருந்தது. பிராமணாள் என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து எடுக்கச் சொல்லித் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன் பெரியாரின் தொண்டர்கள் 1957இல் மறியல் செய்தது உங்களில் பலருக்குத் தெரியும். யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வி நம் சமூகத்தில் உயிர் போகிற கேள்வியாக இருந்தது. பம்பாயில் அந்தக் கேள்வியின் கூர்மையை மழுங்கடித்ததில் உடுப்பிக் கடைகளுக்குப் பங்குண்டு. காசு கொடுத்தவன் உட்கார்ந்தான். முகம் தெரியாதவனோடு ஒரே மேசையில் தோள் உரச உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் அங்கே வந்தது. இன்றைக்கும் கஃபே மெட்ராஸில் ஞாயிற்றுக்கிழமை காலை தனி மேசை கேட்க முடியாது. எதிரே யார் உட்கார்கிறார்களோ அவர்களோடுதான் சாப்பிட வேண்டும்.

மாதுங்காவுக்கு மிக அருகில் இன்னொரு தமிழ்ப் பம்பாய் இருந்தது. நடந்தே போகக்கூடிய தூரம். ஆனால் இரண்டுக்கும் இடையில் போக்குவரத்து குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் முஸ்லிம்கள் தாராவிக்கு வந்தார்கள். அங்குள்ள படா மஸ்ஜித் 1887ஐச் சேர்ந்தது. தமிழர்கள் எழுப்பிய பிள்ளையார் கோயில் 1913இல் வந்தது. தோல் கிடங்குகளில் உழைக்கத் தென்மாவட்டங்களின் தலித் மக்கள் வந்தார்கள், நாடார்கள் வந்தார்கள். மாதுங்காக்காரர் டிரஸ்ட் போட்ட தெருவில் குடியேறினார். தாராவிக்காரர் சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டித் தாமே மேடாக்கிக் குடியேறினார். முன்னவருக்கு நகரம் இடம் கொடுத்தது; பின்னவர் தமக்கான இடத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாராவியின் சாப்பாட்டுத் தொழிலில் பெரும்பகுதிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு 90 அடிச் சாலையின் பின்சந்துகளில் நடந்தால் தெரியும். ஊர் தூங்கும்போது அங்கே விளக்கு எரியும். முந்தைய நாள் அரைத்துப் புளிக்க வைத்த மாவு அண்டாக்களில் பொங்கி நிற்கும். ஈரத்துணி விரித்த தட்டுகளில் வார்த்து, ஆள் உயரக் கொப்பரையில் அடுக்கி வைப்பார்கள். ஒருவர் வடை தட்டுவார், ஒருவர் தேங்காயும் பொட்டுக்கடலையும் சேர்த்துச் சட்னி அரைப்பார். சாம்பார் தனி அடுப்பில் கொதிக்கும். அறை பத்துக்குப் பதினைந்து அடிதான் இருக்கும். அதற்குள் கிரைண்டர், அரிசி மூட்டை, அடுப்பு, மேலே பலகை போட்ட மாடியில் தூங்கும் குழந்தைகள். தண்ணீர் வரும் சில மணி நேரத்துக்குள் டிரம்களை நிரப்பிவிட வேண்டும். தவறினால் மறுநாள் தொழில் இல்லை.

விடிவதற்குள் விற்பவர்கள் வந்துவிடுவார்கள். தயாரிப்பவர் வேறு, விற்பவர் வேறு. நூறு, இருநூறு என்று எண்ணி வாங்கி, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சட்னி வாளியையும் சாம்பார் வாளியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். சிலர் தலைச்சுமையாகவே போவார்கள், தூரப் பேட்டைக்குப் போகிறவர் ரயிலின் சுமைப் பெட்டியில் ஏறுவார். ரப்பர் பந்தை அமுக்கினால் பாம் பாம் என்று ஒலிக்கும் அந்த ஹாரன் சத்தம் கேட்டால் மும்பையில் எந்தக் குழந்தையும் இட்லிக்காரர் வந்துவிட்டார் என்று சொல்லும். வாட்ச்மேன், டாக்ஸி டிரைவர், கட்டட வேலைக்காரர், காலேஜ் பையன், காலையில் சமைக்க நேரமில்லாத ஆபீஸ் பெண் என்று எல்லோருக்கும் அதுதான் காலைப் பலகாரம். மதியத்துக்குள் பாத்திரம் காலியாகி, அவர் திரும்பி வந்து, கணக்குத் தீர்த்துவிட்டுத் தூங்குவார்.

கணக்குத் தீர்ப்பது என்றேன். இந்தத் தொழிலின் முதலே அதுதான். ஊரிலிருந்து புதிதாக வந்த பையனுக்கு முதல் நாள் இட்லி கடனாகத்தான் கிடைக்கும். மச்சான் சொன்னார், மாமா சொன்னார் என்ற ஒரு வார்த்தையே ஜாமீன். விற்றுவிட்டு வந்து கொடுத்தால் போதும். மளிகைக்கடை அண்ணாச்சி அரிசியையும் உளுந்தையும் பற்றில் எழுதிக்கொள்வார். வாரக் கடைசியில் நோட்டைப் பார்த்துக் கொடுப்பார்கள். வாடிக்கைக்காரரும் அப்படியே, சம்பள நாள் வரை சாப்பிட்டுவிட்டுச் சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. எந்த வங்கியும் இந்த மனிதர்களுக்குக் கடன் கொடுத்திருக்காது. எதிரெதிரே குடியிருப்பதால்தான் இந்த நம்பிக்கை சாத்தியமாகிறது. ஓடிப்போகிறவனுக்கு ஊரிலும் முகமில்லை, சந்திலும் முகமில்லை.

நியூயார்க் தெருக்களைப் பற்றி ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் இதையே வேறு விதமாகப் பார்த்தார். அக்கம்பக்கத்தார் வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது தெருமுனைக் கடைக்காரரிடம்தான் என்று கவனித்தார். நம் ஊரிலும் கூரியர்க்காரர் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போவது யாரிடம்? பள்ளிவிட்டு வந்த குழந்தை அம்மா வரும்வரை உட்கார்ந்திருப்பது எங்கே? தனியாக இருக்கும் பெரியவர் இரண்டு நாளாகக் காபிக்கு வரவில்லையே என்று முதலில் கவலைப்படுவது யார்? சின்னக் கடையிடம் மனிதருக்கு ஏன் இத்தனை பிடிப்பு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அங்கே நம்மைத் தெரியும். சர்க்கரை கம்மி என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

சோதனைகளும் வந்தன. 1966இல் சிவசேனா தொடங்கப்பட்டது. வேலைகளைத் தென்னிந்தியர் பறித்துக்கொள்கிறார்கள் என்று அந்த ஆண்டுகளில் நடந்த பிரசாரத்தில் உடுப்பிக் கடைகள் கண்ணுக்குத் தெரிந்த முதல் இலக்காயின. கண்ணாடி உடைந்தது, பலகைகள் கழற்றப்பட்டன. கடைக்காரர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. மறுநாள் கண்ணாடித் தூளைப் பெருக்கிவிட்டு அடுப்பு மூட்டியவர்களுக்கு நாம் எந்தச் சிலையும் வைக்கவில்லை. இன்று மாதுங்காவில் ஞாயிறு காலை வரிசையில் நிற்பவர்களில் மராட்டியரும் குஜராத்தியரும்தான் அதிகம். அந்தக் காட்சி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

2020இல் வந்த சோதனை வேறு வகை. மார்ச் கடைசியில் ஹாரன் சத்தம் நின்றது. ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும் இட்லிக்காரர்கள் பலர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு நடந்ததுதான் என் பேச்சுக்கு முக்கியம். அறையை விடாமல் வைத்திருந்தவர்கள் திரும்பி வந்த அன்றே அரிசி ஊறப்போட்டார்கள். வாடகை கொடுக்க முடியாமல் அறையை விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தும் கூலிவேலைக்குத்தான் போனார்கள். கைப்பக்குவம் இருவருக்கும் ஒன்றுதான்.

மாதுங்காக் கடைகளுக்கு இடம் எப்படி நிலைத்தது? 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையைப் பொதுவாக 1940 செப்டம்பர் நிலவரத்தோடு கட்டிவைத்தது. பக்டி என்று நாம் சொல்லும் முறை அதிலிருந்து வளர்ந்தது. குடியேறும்போது ஒரு பெருந்தொகை, பிறகு மாதாமாதம் சொற்ப வாடகை, வாடகைக்காரருக்குப் பாதிச் சொந்தக்காரர் மாதிரி உரிமை. 1999ஆம் ஆண்டின் சட்டம் பக்டித் தொகை வாங்குவதைச் சட்டபூர்வமாக்கியது. சின்ன வியாபாரிகள் இந்தப் பாதுகாப்பின் நிழலில்தான் வாழ்ந்தார்கள். சட்னி மறுமுறை கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்ற முடிந்ததற்கும், ஒரு காபியோடு அரை மணி நேரம் ஒருவரை உட்காரவிட முடிந்ததற்கும் குறைந்த வாடகைதான் காரணம். அதற்கு ஒரு விலையும் இருந்தது. வாடகையே வராத கட்டடத்தை வீட்டுச் சொந்தக்காரர் பழுதுபார்க்கவில்லை. மழைக்காலத்தில் பால்கனி இடிந்து விழுந்த செய்திகளை நாம் வருடந்தோறும் படிக்கிறோம். வாடகைச் சட்டத்தை முழுக்கப் போற்றவும் எனக்கு மனமில்லை, முழுக்கத் தூற்றவும் மனமில்லை.

இப்போது அந்தப் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு மறுகட்டுமானத்துக்குப் போகின்றன. செம்பூரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1950களில் பக்கத்து டிராம்பேயில் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தன. படித்த தமிழ்க் குடும்பங்கள் மாதுங்காவின் இரண்டு அறையை விட்டுச் செம்பூருக்கு வந்தன. செடா நகர் முருகன் கோயில், ஃபைன் ஆர்ட்ஸ் சபா, ஸ்டேஷன் பக்கத்தில் வாழையிலையும் சேப்பங்கிழங்கும் கதம்பமும் விற்கும் கடைகள் என்று ஒரு சிற்றூரே அமைந்தது. பிரிவினைக்குப் பின் வந்த சிந்தி அகதிகளின் முகாமும் அங்கேதான். அவர்களுடைய இனிப்பும் நம்முடைய காபியும் ஒரே பேட்டையில் கிடைத்தன. 2013இல் கிழக்கு விரைவுச்சாலையும் 2014இல் மோனோ ரயிலும் வந்த பிறகு மனை விலை ஏறியது. நாலு மாடிக் கட்டடங்கள் இருந்த இடத்தில் கோபுரங்கள் எழுகின்றன. கீழ்த்தளத்தில் இருந்த காபித்தூள் கடைக்காரர் மூன்று நான்கு ஆண்டு வேறிடத்தில் வாடகை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அறுபது வயதுக்காரருக்கு அது முடிகிற காரியமா? திரும்பிவரும்போது அங்கே வங்கி ஏடிஎம்மோ மருந்துக்கடைச் சங்கிலியின் கிளையோ இருக்கிறது.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. சிங்கப்பூர் அரசு 1971 முதல் 1986 வரை தெருவோரச் சாப்பாட்டுக்காரர்களை அதற்கென்றே கட்டிய நடுவங்களுக்குள் கொண்டுவந்தது. குழாய்த் தண்ணீர், கழிவு வாய்க்கால், குறைந்த வாடகை. லிட்டில் இந்தியாவின் தேக்கா நடுவத்தில் நம்மவர் தோசை சுடுகிறார்கள். 2020இல் யுனெஸ்கோ அந்த நடுவங்களின் சாப்பாட்டுப் பண்பாட்டை உலக மரபாக ஏற்றது. சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தார் 2015இல் வாக்களித்து, நீண்ட காலமாக நடக்கும் கடைகளுக்கும், அவற்றுக்குப் பத்தாண்டுக் குத்தகை கொடுக்கும் கட்டடக்காரருக்கும் உதவித்தொகை தர வழி செய்தார்கள். இரண்டு இடத்திலும் குறைகள் உண்டு. ஆனால் கடையைக் காப்பதென்றால் இடத்தைக் காப்பது என்று இரண்டு நகரங்களும் புரிந்துகொண்டன.

தாராவி இன்று நிற்கும் இடத்துக்கு வருகிறேன். 2022 நவம்பரில் மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு வென்றது. 2024இல் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்ந்ததற்கு ஆதாரம் உள்ளவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்கிறார்கள். பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. நல்ல வீடும் தனிக் கழிவறையும் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பொதுக் கழிவறை வரிசையில் நின்று வளர்ந்த பெண்களிடம் குடிசையின் அழகைப் பற்றிப் பேசுவது கொடுமை. என் கேள்வி வேறு. பத்தாவது மாடியில் பின்னிரவு இரண்டு மணிக்குக் கிரைண்டர் ஓட்ட முடியுமா? லிஃப்டில் கொப்பரையை ஏற்றலாமா? பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால்? மாவு அரைப்பவர் தாராவியிலும் விற்பவர் பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் குடியமர்த்தப்பட்டால், முதல் நாள் இட்லியைக் கடனாகக் கொடுப்பது யார்?

வீடும் தொழிலும் ஒரே அறையில் நடக்கும் குடும்பத்துக்கு, கணக்கெடுப்பவர் வந்து நிற்கும்போது அஞ்சி, வெறும் வீடு என்று சொல்லிவிடத் தோன்றும். லைசென்ஸ் கேட்பார்களோ, அபராதம் போடுவார்களோ என்ற பயம். அப்படிச் சொல்லிவிட்டால் அந்த அடுப்பு காகிதத்தில் இல்லாமலே போய்விடும். காகிதத்தில் இல்லாததற்கு யாரும் மாற்றிடம் தர மாட்டார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011 விதிகளில் சிறு தொழிலுக்கு எளிய பதிவு முறை உண்டு. அந்தப் பதிவுச் சீட்டு கையில் இருந்தால் இங்கே தொழில் நடக்கிறது என்று பேச ஓர் ஆதாரமாவது இருக்கும். சாலை வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இவற்றை அந்தச் சந்துகளுக்குள் கொண்டுபோய்ச் சொல்ல ஆள் வேண்டும்.

இந்த அரங்கில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், ஆடிட்டர்கள் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற அரசு அதிகாரிகள் இருக்கிறீர்கள். மாதுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டு ஆளானவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீங்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் 90 அடிச் சாலையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம், கரண்ட் பில்லையும் பழைய ரசீதுகளையும் சேர்த்து அடுக்கிக் கொடுக்கலாம், வீட்டோடு தொழில் என்று துணிந்து எழுதச் சொல்லலாம். மேசை போட ஓர் இடம் தருவதாக அங்கே ஒரு கடைக்காரர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். வர விருப்பம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னிடம் பெயர் கொடுங்கள்.